கழிமுகத்துச் சேறு

என் தாயார் பிறந்த ஊர், அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த, கொசஸ்தலையாற்றங்கரையிலுள்ள ஒரு சிறு கிராமம். கோடை விடுமுறைக்கு அங்கே போயிருக்கும் காலங்களில், தோளில் உருளையும் கையில் நீண்ட குழலுமாகக் காக்கி உடுத்த இருவர் வந்து, வீட்டிலுள்ள பண்ட பாத்திரங்களையும் குழந்தையின் தொட்டிலையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, சுவர் முழுவதும் வெண்மையான ஒரு மருந்தை அடித்து முடித்து, போகும்போது வாசற்கதவின் அருகே மருந்தின் பெயரையும் அன்றைய தேதியையும் காவிக்கட்டியால் எழுதிவிட்டுப் போவதைச் சிறுவனாகிய நான் வியப்போடு பார்த்துக்கொண்டிருப்பேன். மலேரியாவை அடியோடு ஒழிப்பதற்காக 1958-இல் இந்திய தேசம் மேற்கொண்ட பெருமுயற்சியின் ஓர் அங்கம் அது. மருந்தின் பெயர் டி.டி.டி. என் பாட்டி அந்த இருவருக்கும் மோர் கொடுத்து, திண்ணையில் உட்காரவைத்து, உறவினரை உபசரிப்பதுபோல் உபசரிப்பாள். அவள் செய்தது தவறென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். குளிர் ஜுரத்துக்கு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள்.

பிற்பாடு அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், தேதி மறைந்தது, சில ஆண்டுகளில் வீடே இடிந்து மண்ணாயிற்று. மருந்து மட்டும் மறையவில்லை என்பதை நான் தெரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது. சுவரிலிருந்து உதிர்ந்து முற்றத்து மண்ணில் கலந்த தூளும், அந்த ஆற்றுப் பாசன வயல்களில் உழவர்கள் பி.எச்.சி. என்றும் கமாக்சின் என்றும் பெயர் சொல்லி வெறுங்கையால் அள்ளித் தூவிய மற்றொரு தூளும், காற்றோடு போனவை போக எஞ்சியவை மழையால் அரிக்கப்பட்டு, வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கழிமுகத்துக்கும் பிரயாணம் செய்தன. காற்றோடு போனவை என்று சொன்னேனல்லவா, அவையும் கொஞ்சநஞ்சமல்ல. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் கூடி வெள்ளாற்றுப் பகுதியில் நடத்திய ஆராய்ச்சி, வயலில் இட்ட பி.எச்.சி.யின் மிகப் பெரும்பகுதி நம் நாட்டு வெயிலில் ஆவியாகி வானத்தில் ஏறிவிடுகிறது என்று காட்டிற்று. உஷ்ண தேசங்களில் இப்படி ஏறுபவை குளிர்ந்த தேசங்களில் இறங்குகின்றன. வடதுருவத்துச் சீல்களின் கொழுப்பிலும் தம் வாழ்நாளில் எந்த வயலையும் கண்டிராத எஸ்கிமோ தாய்மாரின் பாலிலும் இவ்வகை மருந்துகள் காணப்பட்டன. உழவில் டி.டி.டி.யின் உபயோகம் 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. வயல்களிலிருந்து புதிதாக வருவதை அந்தத் தடைகள் பெரிதும் குறைத்தன. ஏற்கெனவே வந்து சேர்ந்தது வந்த இடத்திலேயே இருக்கிறது.

நீடித்து நிற்கும் கரிம மாசுகள் என்று விஞ்ஞானிகள் இவற்றை வழங்குவர். 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் கூடி இத்தகைய பன்னிரண்டு பொருள்களைக் குறித்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 2006-இல் அதை உறுதிசெய்தது. பட்டியல் அதன்பின் வளர்ந்துகொண்டே வருகிறது. பழைய டிரான்ஸ்பார்மர்களில் எண்ணெயாக இருந்த பி.சி.பி.யும், குப்பைமேட்டில் பிளாஸ்டிக் எரியும்போது தானே பிறக்கும் டையாக்சினும் அப்பட்டியலில் உண்டு. இவற்றின் பிறப்பும் தொழிலும் வேறு வேறாயினும் சுபாவம் ஏறக்குறைய ஒன்றே. நீரில் கரைய இவை விரும்புவதில்லை. கொழுப்பிலும், மக்கிய இலை தழைகளிலும், களிமண்ணின் மிக நுண்ணிய துகள்களிலும் ஒட்டிக்கொள்ளவே விரும்புகின்றன. ஒட்டிக்கொண்ட பின், கிருமிகளால் எளிதில் சிதைக்கப்படாமல் பத்தாண்டுகள், பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கின்றன. ஆற்று நீரில் மிதந்துவரும் களித்துகள்களோ, யாவும் ஒரே வகையான மின்னூட்டம் பெற்றிருப்பதால், நன்னீரில் இருக்கும்வரை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு அடியில் படியாமல் ஓடிவருகின்றன. கழிமுகத்தில் உப்புநீர் கலந்ததும் அந்த விலக்கம் தணிந்து, துகளோடு துகள் சேர்ந்து, திரண்டு, கனத்து, கீழே இறங்கிவிடுகின்றன. ஆகவே, ஆறு தன் பிரயாணம் முழுவதும் சுமந்துவந்த மூட்டையின் பெரும்பகுதியை இறக்கி வைக்கும் இடம் கடலன்று. கடலுக்குச் சற்று முன்னே, அலை ஓய்ந்த உப்பங்கழியின் அடிச்சேறு.

பழம்பெயரால் கொற்றலை என வழங்கிய அந்த ஆறு மூட்டையை இறக்கும் இடம் எண்ணூர். வடக்கே பழவேற்காட்டு ஏரியோடும், தெற்கே கால்வாய் வழியாகச் சென்னை நகரத்தோடும் அந்தக் கழி தொடர்பு கொண்டிருக்கிறது. அந்தக் கால்வாயின் முதற்பகுதி, 1801 தொடங்கிச் சில ஆண்டுகளில், பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகரால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது; விறகும் உப்பும் அதன் வழியே படகில் நகரத்துக்கு வந்தன. பின்னர் தாது வருஷப் பஞ்சத்தின்போது, கூலியாகக் கிடைத்த ஒரு பிடி தானியத்துக்காக எலும்பும் தோலுமான ஜனங்கள் தெற்கே ஒரு பகுதியை வெட்ட, 1878-இல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. பசித்தவர்களின் உழைப்பால் உண்டான அந்த நீர்வழியை நகரத்தின் சாக்கடையாகவும் ஆலைகளின் கழிவுவாய்க்காலாகவும் மாற்றியது நம் தலைமுறையின் காரியம். இதை நான் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஆலைகள் வந்த வரலாறு நீண்டது. இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். மணலியில் 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. உர ஆலையும் பெட்ரோலிய ரசாயன ஆலைகளும் அதைத் தொடர்ந்து வந்தன. எண்ணூரில் 1970-இல் ஓர் அனல்மின் நிலையம், 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் துறைமுகம், 2012 முதல் வல்லூர் அனல்மின் நிலையம். ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியை இறக்கியும் இரும்புத் தாதுவை ஏற்றியும் வந்தபோது, கொடியில் உலர்த்திய வேட்டி கறுத்து, குழந்தைகள் இருமி, ஜனங்கள் முறையிட, உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011 அக்டோபரில் அந்தச் சரக்குகள் அங்கே நிறுத்தப்பட்டன. ராயபுரத்தார் மூச்சுவிட்டார்கள், நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. இந்த ஆலைகளால் திருவொற்றியூரில் எங்கள் தெருவிலேயே எத்தனையோ குடும்பங்கள் உலை வைத்தன, பிள்ளைகளைப் படிக்க வைத்தன என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த நன்றியையும் கழியின் கதியையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் வடசென்னைக்காரன் ஒருவன் இதைப் பற்றி எழுத முடியும்.

சாம்பலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பல். எரித்த பின் எஞ்சும் அந்தச் சாம்பலை நீரில் குழைத்து, கழியின்மீது செல்லும் குழாய்கள் வழியாகச் செப்பாக்கத்திலுள்ள சாம்பற்குட்டைக்கு அனுப்புவது வழக்கமாக இருந்துவந்தது. குழாய்கள் துருப்பிடித்து உடைந்தன. உடைந்த இடங்களிலெல்லாம் சாம்பற்குழம்பு ஆண்டுக்கணக்காகக் கழிக்குள் வடிந்தது. ஓடம் மிதந்த இடத்தில் இடுப்பளவும், இடுப்பளவு நீர் நின்ற இடத்தில் கணுக்காலளவுமாகக் கழி தூர்ந்துபோயிற்று என்பது காட்டுக்குப்பத்திலும் சிவன்படைக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் வயது வந்தவர்கள் யாவரும் சொல்லும் சேதி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2022-இல், இந்தச் சேதத்துக்கு மாநில மின்வாரியமே பொறுப்பு என்று கண்டு, கழியைச் சீர்ப்படுத்த உத்தரவிட்டது. நிலக்கரியில் அணுவளவாகக் கலந்திருக்கும் பாதரசம், ஆர்சனிக், ஈயம், குரோமியம் ஆகியவற்றில் பெரும்பாலானவை எரிந்தபின் சாம்பலில் செறிந்து நிற்கின்றன. டி.டி.டி.க்காவது, எத்தனை தாமதமானாலும், சிதைந்து ஒழியும் ஒரு நாள் உண்டு. இவை தனிமங்களாதலால் இவற்றுக்குச் சிதைவே இல்லை. அதிலும் பாதரசம், பிராணவாயு இல்லாத கருஞ்சேற்றில் வாழும் ஒரு வகைக் கிருமிகளின் கைப்பட்டு, முன்னிலும் கொடிய சேந்திரியப் பாதரசமாக உருமாறும் இயல்புடையது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவை அண்டி வாழ்ந்த மீனவர்களின் கைகால்களை முடக்கி, 1956-இல் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் அந்த வகைப் பாதரசமே.

இவற்றோடு எண்ணெய். 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் கசிந்த கனத்த எண்ணெயை, இளைஞர்கள் கரையோரப் பாறைகளில் நின்று வாளியால் மொண்டு அள்ளிய காட்சி பலருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கரிய கோடு இழுத்து, கூழைக்கடாக்களின் சிறகை ஒட்டவைத்து, அலையாத்தி வேர்களைப் பூசி மெழுகிற்று. பத்திரிகைகள் அந்தக் கறுப்புப் பறவைகளின் படங்களை வெளியிட்டன, சில வாரங்களில் மேல்நீர் தெளிந்தது, பேச்சும் ஓய்ந்தது. கசிந்த எண்ணெயில் லேசான பகுதி ஆவியாயிற்று. கனத்த பகுதி, புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடிய பல வளைய ஹைட்ரோகார்பன்களைச் சுமந்துகொண்டு, களிமண்ணோடு ஒட்டி அடியில் இறங்கிற்று. மேல்நீர் தெளிந்ததையே கழி குணமானதாக எண்ணிவிட்டோம்.

அந்தச் சேற்றுக்குள் தினந்தோறும் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர்க் கழியில், கழுத்தளவு நீரில் குந்தி நகர்ந்துகொண்டு, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பாலத்தின்மீது ரயிலில் போகிறவர்கள்கூடப் பார்த்திருக்கலாம். வலையில்லை, தூண்டில் இல்லை, ஓடமில்லை; விரல் நுனியே அவர்களுடைய கருவி. அவர்களுள் மூத்த ஓர் அம்மாளோடு ஒருநாள் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். எந்த இடத்துச் சேறு வெண்ணெய்போல் விரலுக்குள் நழுவும், எந்த இடத்தில் சாம்பல் கலந்து நறநறக்கும், எந்த இடத்தில் கைவைத்தால் மாலைக்குள் தோல் அரித்துக் கொப்புளிக்கும் என்பதையெல்லாம் அவர் தம் வீட்டு அடுக்களையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். முன்பு சேற்றைக் கிளறினால் வரும் வாடை வேறு, இப்போது வருவது வேறு என்றார். ஆய்வுக்கூடத்தில் பல லட்ச ரூபாய்க் கருவிகளைக் கொண்டு அறியவேண்டியவற்றுள் ஒரு பகுதியை அந்த அம்மாளின் தோல் அறிந்துவைத்திருந்தது.

சேற்றிலுள்ளது சேற்றோடு இருந்துவிட்டால் கவலை இல்லை. ஆனால் சேறு உயிர்களுக்கு ஆகாரம். அடியில் வளையிட்டு வாழும் புழுக்கள் சேற்றைத் தின்று அதிலுள்ள மக்கைச் சீரணிக்கின்றன. புழுவை இறாலும் நண்டும் தின்கின்றன. மடவை மீன் சேற்றையே வாயால் வாரி வடிகட்டி உண்கிறது. இவற்றையெல்லாம் கொடுவா தின்கிறது. கொடுவாவை நாம் தின்கிறோம். நீரை வெறுத்துக் கொழுப்பை நாடும் அந்த விஷங்கள், ஒவ்வொரு படியிலும் வெளியேறாமல் தங்கி, முன்னைய படியைவிட அடுத்த படியில் செறிந்து, தாயின் பாலில் ஏறிக் குழந்தையின் வாயை அடைகின்றன. காசிமேட்டில் ஏலம் போகும் ஆழ்கடல் மீனின் கதை வேறு. கழியிலே பிடித்துக் கழியோரக் குப்பத்திலேயே குழம்பாகும் மீனின் கதையைச் சொல்கிறேன். சந்தைக்குப் போகாத அந்த மீனை யார் சோதிக்கிறார்கள்?

நம் பழந்தமிழில் சேறு என்ற சொல்லுக்குச் சகதி என்பது மட்டும் பொருளன்று. கனியின் சாறு, தேன், கள், வெல்லப்பாகு, இனிமை ஆகிய பொருள்களிலும் அகராதிகள் அச்சொல்லைக் காட்டுகின்றன. ஒரு பொருளின் சாரம் திரண்டு குழைந்து நிற்கும் நிலையைச் சேறு என்று வழங்கிய முன்னோர், வயலின் சகதிக்கும் பலாச்சுளையின் பாகுக்கும் ஒரே பெயர் இட்டதில் ஓர் ஆழ்ந்த அனுபவம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நெல் விளைவதும் இறால் பெருகுவதும் அந்தச் சாரத்திலேதான். இன்று நகரத்தார் நாவில் சேறு என்பது அருவருப்பின் பெயர். அருவருப்பான இடத்தில் எதைக் கொட்டினாலும் குற்றமில்லை என்ற எண்ணம் இந்த அர்த்தச் சுருக்கத்தோடு கூடவே வந்திருக்கவேண்டும்.

சட்டத்தின் பார்வையும் மேல்நீரோடு நின்றுவிடுகிறது. 1974-இல் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1982-இல் அதற்கென வாரியம் அமைந்தது. ஆலையின் வாய்க்காலில் ஒரு லிட்டர் நீருக்கு இன்ன பொருள் இத்தனை மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்று வரம்பு கட்டினார்கள். அந்த வரம்புகள் அவசியமானவையே. ஆனால், ஒரு லிட்டருக்கு மிகச் சிறிதளவேயாயினும் நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டராக ஐம்பது ஆண்டுகள் ஓடி, அடியில் படிந்து, கூட்டுத்தொகையாக நிற்பதற்கு வரம்பு எது? கழிமுகச் சேற்றுக்கென்று அத்தகைய வரம்பு நம் சட்டத்தில் இல்லை. எண்ணூர்ச் சேற்றை ஆராயும் நம் விஞ்ஞானிகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வகுத்த அளவுகோல்களை இரவல் வாங்கியே, இது அபாயம், இது அபாயமன்று என்று எழுதவேண்டியிருக்கிறது. அந்த அளவுகோல்கள் அந்நாடுகளின் கடற்கரைகளுக்கு ஏற்பட்டவை. நம் வெயிலும், நம் இறாலும், கழுத்தளவு நீரில் எட்டு மணி நேரம் குந்தியிருக்கும் நம் பெண்களும் அவற்றின் கணக்கில் வந்ததில்லை.

கணக்கெடுப்பது முடியாத காரியமன்று. ஒரு நீண்ட குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி எடுத்தால், ஆண்டுக்கு ஆண்டு படிந்த அடுக்குகள் கலையாமல் ஓர் உருளையாக மேலே வரும். இயற்கையில் வானத்திலிருந்து படியும் ஒரு வகைக் கதிரியக்க ஈயம் சுமார் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதைக் கொண்டும், அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்திலிருந்த 1963-ஐ ஒட்டிப் படிந்த சீசியத்தைக் கொண்டும், எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று கணிக்கலாம். டி.டி.டி. வெயிலிலும் மண்ணிலும் சிதையச் சிதைய டி.டி.இ. என்ற மற்றொரு பொருளாக மாறுவதால், இரண்டின் விகிதத்தைப் பார்த்து, இது நம் பாட்டன் காலத்து மருந்தா, நேற்று யாரோ கள்ளத்தனமாகக் கொட்டியதா என்றுகூடச் சொல்லிவிடலாம். எந்த ஆலை எந்த ஆண்டில் வந்தது என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே சேற்றின் அடுக்குகளையும் அந்த ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொறுப்பை வகுப்பதற்கு வேறு சாட்சி அதிகம் வேண்டியிராது.

அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் இரண்டு தொழிற்சாலைகள் 1947 முதல் 1977 வரை பி.சி.பி.யை ஆற்றில் விட்டன. நெடுங்காலம் வழக்காடியும் வாதாடியும் கழிந்தபின், 2009-க்கும் 2015-க்கும் இடையே, கம்பெனியின் செலவிலேயே, சுமார் 20 லட்சம் கன மீட்டர் சேற்றை ஆற்றடியிலிருந்து அள்ளினார்கள். அள்ளிய பின்னும் அந்த ஆற்று மீனைத் தின்பது பற்றிய எச்சரிக்கைகள் முற்றிலும் நீங்கியபாடில்லை. அவ்வளவு செல்வமும் சட்ட வலிமையும் உள்ள தேசத்தில் இதுதான் கிடைத்தது. ஆயினும் அங்கே, அள்ளுவதற்கு முன் ஆற்றடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான இடங்களில் சேற்றை எடுத்துச் சோதித்து, எங்கே எவ்வளவு இருக்கிறது என்று வரைபடம் தயாரித்தார்கள்.

நம்மிடமோ, எண்ணூர்க் கழியைத் தூர்வாரவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை அடி ஆழம், எத்தனை கோடி ரூபாய் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தூர்வாரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாம்பலை எடுக்காமல் கழி பிழைக்காது. ஆனால் அடிச்சேற்றின் கறுப்பு, கந்தகத்தோடு உலோகங்கள் இறுகப் பிணைந்திருப்பதன் அடையாளம். பிராணவாயு புகாத அந்த இருளில் இருக்கும்வரை அவை பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். இயந்திரத்தால் வாரிக் கரையில் கொட்டி வெயிலும் காற்றும் படவிட்டால், கந்தகம் அமிலமாகி, கட்டு அவிழ்ந்து, உலோகங்கள் மறுபடியும் நீரில் இறங்கும். எந்தப் பாகத்தை அள்ளுவது, எதை மூடிப் புதைப்பது, எதைத் தொடாமல் விடுவது, அள்ளியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பனவெல்லாம், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பின்னரே தீர்மானிக்கத்தக்கவை. ஒரு குப்பத்தின் அருகே வாரி மற்றொரு குப்பத்தின் வாசலில் கொட்டுவதைச் சீரமைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் பாட்டியின் வீட்டுக்கு மருந்தடிக்க வந்த அந்த இருவர், தாங்கள் அடித்தது என்ன, எந்த நாளில் அடித்தோம் என்பதை எல்லாரும் படிக்கும்படி வாசலில் எழுதிவிட்டுப் போனார்கள். கழியில் கொட்டியவர்கள் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. ஆகையால், அக்கழியைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளை நான் பணிவோடு வேண்டிக்கொள்வது இது: தூர்வாரும் இயந்திரத்தை இறக்குவதற்கு முன்னால், கழியின் சேற்றை அடுக்கடுக்காகச் சோதியுங்கள், குந்தி இறால் பிடிக்கும் பெண்களைக் கூட அழைத்துச் சென்று, அவர்கள் காட்டும் இடங்களிலும் சோதியுங்கள், கண்டது என்ன, எந்தத் தேதியில் கண்டது, எந்த மீனை உண்ணலாம், எங்கே கைவைக்கலாகாது என்பவற்றை எளிய தமிழில், பெரிய எழுத்தில், காட்டுக்குப்பத்திலும் சிவன்படைக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் ஊர் வாசலில் எழுதி வையுங்கள்.